பூஜ்யத்தம்மாவும் முற்றத்து வாத்தும்

என் அத்தையின் குரல் அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். முகம் தெரிந்தவர்கள் முப்பது பேர் இருந்தால் அதிகம்.

தரைத்தளத்தில் மாடிப்படிக்குக் கீழே இருந்த டெலிபோன் அறைதான் அவளுடைய இடம். நாலு எட்டு வைத்தால் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும். அறையின் முக்கால்வாசியை ஸ்விட்ச்போர்டு அடைத்துக்கொண்டிருந்தது. வரிசை வரிசையாகச் சின்ன விளக்குகள், விளக்குக்கு ஒரு துளை, கீழே நூல் சுற்றிய வயர்கள். ஒரு விளக்கு எரிந்தால் ஒரு வயரை இழுத்து அதன் துளையில் சொருகி, "சொல்லுங்க" என்பாள். யார் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு மறுமுனையை இன்னொரு துளையில் சொருகுவாள். ஆஸ்பத்திரியின் எந்த அறையிலிருந்தும் பூஜ்யத்தைச் சுற்றினால் அத்தை வருவாள். அதனால் பூஜ்யத்தம்மா என்ற பெயரே நிலைத்துவிட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. "நான் பூஜ்யம்தான். ஆனா என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டாத்தான் மத்தவங்களுக்கு மதிப்பு" என்பாள்.

இருபத்திரண்டு வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள். வாத்து வந்தபோது முப்பத்தேழு. வீட்டில் யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால், "லைன் பிஸி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள். அவளுடைய தம்பியான என் அப்பா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருந்தார். நான் அப்போது பிறக்கவே இல்லை. இதெல்லாம் பின்னால் அத்தையும் மாமாவும் சாப்பாட்டு மேசையில், ஒருவர் பேச்சை ஒருவர் திருத்தித் திருத்திச் சொல்லக் கேட்டது.

டெலிபோன் அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் கட்டடத்தின் நடுவே இருந்த முற்றம் தெரியும். நாலு பக்கமும் நாலு மாடிச் சுவர். இடுப்புயரச் செடிகள், யாரும் உட்காராத ஒரு சிமெண்டு பெஞ்சு, ஓரத்தில் ஒரு சாக்கடைக் கம்பிச் சட்டம். முற்றத்துக்கு ஒரு கதவும் உண்டு. ஆனால் நடைபாதைப் பக்கம் அதன் முன்னால் பழைய நோயாளிகளின் கோப்பு அலமாரிகளை நிறுத்தி வருஷக்கணக்காகிவிட்டது. தோட்டக்காரர் மாசம் இரண்டு முறை ஸ்டோர் ரூம் ஜன்னல் வழியாகக் குதித்து உள்ளே போய்ச் செடி வெட்டுவார்.

ஒரு நாள் காலை, அந்தச் செடிகளுக்கடியில் தவிட்டு நிறத்தில் ஏதோ அசைவதை அத்தை பார்த்தாள். வாத்து. வளர்ப்பு வாத்து இல்லை. ஏரியில் இருக்கும் காட்டு வாத்து. இறக்கையில் மட்டும் ஒரு கீற்று நீலம். நாய், பூனை நுழைய முடியாத இடம் என்று வானத்திலிருந்தே பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறது. நாளுக்கு ஒரு முட்டையாக ஏழு முட்டை இட்டது. தன் நெஞ்சு இறகுகளைத் தானே பிடுங்கி மெத்தை போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. அத்தை யாரிடமும் சொல்லவில்லை. பதினைந்து வருஷமாக ஊரார் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, தனக்கென்று ஒரு ரகசியம் கிடைத்ததில் அவ்வளவு சந்தோஷம்.

நாலு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் குஞ்சுகள் பொரிந்தன. சனி, ஞாயிறு அத்தைக்கு விடுமுறை. தாய் எப்படியாவது கூட்டிக்கொண்டு போய்விடும் என்று நினைத்து வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை வந்து ஜன்னலைத் திறந்தால் தாய் வாத்து மட்டும் சுவரோரமாக நடந்துகொண்டிருந்தது. ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு. கத்திக்கொண்டே.

அன்றைக்கு உள்ளே இறங்கிய தோட்டக்காரரை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"குஞ்சுக்கு எங்கம்மா றெக்கை?" என்றார் அவர். "தண்ணியத் தேடித்தான் போயிருக்கும். சாக்கடைச் சட்டத்துல கம்பிக்குக் கம்பி இவ்வளவு இடைவெளி. ஒண்ணொண்ணா உள்ள விழுந்துருச்சு."

தாய் வாத்து இன்னும் இரண்டு நாள் அங்கேயே இருந்தது. அத்தை இரண்டு காதிலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்படியும் அந்தச் சத்தம் கேட்டதாம். மூன்றாம் நாள் அது பறந்து போய்விட்டது.

"ஒரு வார்த்தை யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். வாய் இருந்தும் ஊமையா இருந்துட்டேன். அதுவும் நான்" என்று அத்தை இதைச் சொல்லும் இடத்தில், மாமா குறுக்கே பேசமாட்டார்.

அடுத்த வருஷம் அதே மாசத்தில் வாத்து திரும்பி வந்தது. அதே செடிக்கடியில் இந்த முறை ஒன்பது முட்டை. ஒன்பதாவது முட்டையைப் பார்த்த அன்று பிற்பகலே அத்தை வெளி லைனில் பல்கலைக்கழகத்தைக் கூப்பிட்டாள். அங்கே பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு பேராசிரியரைத் தேடிப் பிடித்தாள்.

"பொரிச்ச மறுநாள் தாய் குஞ்சுங்களக் கூட்டிக்கிட்டுத் தண்ணிக்குக் கெளம்பிரும்" என்றார் பேராசிரியர். "நீங்க கூடையில தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனா அது பயந்து பறந்துரும். வழியைத் தெறந்துவிட்டு, பின்னால மெதுவா வாங்க. அது நடக்கும்."

"கட்டடத்துக்குள்ள நடக்குமா சார்?"

"கதவு தெறந்திருந்தா நடக்கும். சாக்கடைய மட்டும் இன்னிக்கே மூடிருங்க."

அத்தை உடனே நாற்பத்தேழாம் நம்பரை அழைத்தாள். அது கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த பாய்லர் அறை. ஆஸ்பத்திரிக்கு வேண்டிய வெந்நீரும் நீராவியும் அங்கிருந்துதான் போகும். கதவு, குழாய், கீல் எல்லாவற்றுக்கும் அங்கே இருந்தவர்தான் பொறுப்பு. ஒன்பது வருஷமாகத் தினம் நாலைந்து தடவையாவது அத்தை அவரிடம் பேசியிருக்கிறாள். "மூணாவது வார்டுல வெந்நீர் வரல." "ஆகட்டும்." அவ்வளவுதான் பேச்சு. அவர் காலை ஐந்து மணிக்குப் பின்வாசல் வழியாக வந்து இரண்டு மணிக்குப் போய்விடுவார். அத்தை எட்டு மணிக்குப் பக்கவாசல் வழியாக வருவாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை.

"வாத்தா?" என்றார் நாற்பத்தேழு.

"ஒம்பது முட்டை. சாக்கடைச் சட்டத்துக்கு மேல வலை போடணும். அலமாரிங்களை நகர்த்தி அந்தக் கதவைத் தெறக்கணும்."

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"போன வருஷம் கத்துச்சே, அதுவா?"

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தச் சாக்கடைக் குழாய் எங்க ரூம் வழியாத்தான் போகுது. எனக்கும் கேட்டுச்சு." பிறகு சொன்னார்: "ஆகட்டும்."

நிர்வாகி ஒப்புக்கொள்ளவில்லை. சுத்தம், சுகாதாரம், விதிமுறை என்று மூச்சுவிடாமல் பேசினார். "ஆஸ்பத்திரி நடைபாதையில இன்னிக்கு வாத்து வரும். நாளைக்கு ஆடு வரும். அப்புறம் யானை வரும்."

"யானைக்கு அந்தக் கதவு பத்தாது சார்" என்றாள் அத்தை.

கதவைத் திறக்கக் கூடாது என்று எழுத்திலேயே உத்தரவு வந்தது. அத்தை அதை நாற்பத்தேழுக்கு டெலிபோனில் வாசித்துக் காட்டினாள்.

"தெறக்கக் கூடாதுன்னுதானே போட்டிருக்கு" என்றார் அவர். "கீலுக்கு எண்ணெய் போடக் கூடாதுன்னு போடலயே. அலமாரிக்குப் பின்னால சுவர்ல ஈரம் இருக்கான்னு பாக்கறது என் வேலை. அதுக்கு அலமாரிய நகர்த்தித்தான் ஆகணும்."

பிரசவ வார்டின் தலைமை நர்ஸ் விஷயம் கேள்விப்பட்டுத் தானாகவே பூஜ்யத்தைச் சுற்றினாள். "பெத்தவளையும் பிள்ளைங்களையும் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடறது எங்க வேலை. எத்தனை பேர் வேணும்னு மட்டும் சொல்லுங்க."

காலை ஆறு மணிக்கு, வெளிநோயாளிகள் வருவதற்கு முன்னால் காரியத்தை முடித்துவிடலாம் என்று திட்டம். செவ்வாய்க்கிழமை ஒன்பதும் பொரிந்தன. புதன்கிழமை விடியும் முன்பே நாற்பத்தேழு கதவைத் திறந்து வைத்தார். உத்தரவு என்ன ஆயிற்று என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "காத்தோட்டத்துக்குத் தெறந்தேன்" என்றார் மாமா. தலைமை நர்ஸ் ஆள் அனுப்பியிருந்தாள். எல்லாம் தயார். வாத்து மட்டும் நகரவில்லை. குஞ்சுகளை இறக்கைக்குள் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியது. ஆறு ஏழாயிற்று, ஏழு எட்டாயிற்று. கதவை ஒருக்களித்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள். நடைபாதையில் வெளிநோயாளிகள் நிரம்பிவிட்டார்கள்.

பத்து இருபதுக்கு வாத்து எழுந்து நின்று இறக்கையை உதறியது. அத்தை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பத்தே காலுக்கு என்பார் மாமா. பத்து இருபது என்பாள் அத்தை.

என்ன செய்வது என்று யோசிக்க அவளுக்கு அரை நிமிஷம்கூட இல்லை. முதலில் நிர்வாகியின் லைன். ஓய்வுபெற்ற பெரிய டாக்டர் ஒருவர், புதுக் கட்டடத்துக்குத் தன் பெயர் வைக்காததைப் பற்றிப் பேச வேண்டும் என்று தினமும் கூப்பிடுவார். பேச ஆரம்பித்தால் அரை மணி நேரம் நிச்சயம். நிர்வாகி அவரைத் தவிர்த்துக்கொண்டே இருந்தார். அத்தை அந்தப் பெரியவரின் வீட்டுக்கு அடித்து, "நிர்வாகி ஐயா இப்போ இருக்காங்க, பேசுங்க" என்று இரண்டு வயரையும் சேர்த்துவிட்டாள். "என் சர்வீஸ்ல நான் பண்ணின ஒரே தில்லுமுல்லு அதுதான் மருமகளே" என்பாள் என்னிடம்.

பிறகு ஒவ்வொரு பிரிவாகச் சொருகினாள். "எக்ஸ்ரேயா? கதவைச் சாத்துங்க, வாத்து வருது." "ரத்தப் பரிசோதனையா? ஆளுங்களைச் சுவரோரமா நிக்கச் சொல்லுங்க. யாரும் பேச வேணாம்." "வாசலா? ரெண்டு கதவையும் தெறந்து வைங்க. ரோட்டுல வண்டிய நிறுத்துங்க."

நாற்பத்தேழு அடித்தளத்திலிருந்து ஓடி வந்து கதவை முழுசாகத் திறந்தார். இரண்டு துப்புரவுப் பெண்கள் ஒரு படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனை பிடித்து, வாத்துக்குப் பின்னால் ஒரு நடமாடும் சுவர்போல மெதுவாக வந்தார்கள்.

அத்தையால் அதைப் பார்க்க முடியவில்லை. அவள் போர்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது. வாத்து ஜன்னலைத் தாண்டிக் கதவுக்குள் நுழைந்ததோடு சரி. அப்புறம் எல்லாம் காதில்தான்.

"எக்ஸ்ரே பேசறோம். எங்களைத் தாண்டிருச்சு. பின்னால ஒம்பதும் வரிசையாப் போகுதும்மா."

"ரத்தப் பரிசோதனை. இப்போ எங்க முன்னாடி. ஒரு பெரியவர் தொப்பியக் கழட்டிட்டு நிக்கறார்."

நூறு பேர் இருந்த நடைபாதையில் ஒரு தும்மல்கூட இல்லையாம். டெலிபோனுக்குள்ளேயே குஞ்சுகளின் கீச்சொலி கேட்டது என்றாள்.

"பதிவு கவுண்டர். போயிருச்சு. எட்டு."

"எத்தனை?"

"எட்டு."

"ஒம்பது இருக்கணும். இன்னொரு தடவை எண்ணுங்க."

"வாசலுக்கே போயிருச்சு பூஜ்யத்தம்மா. எட்டுதான்."

அத்தை உடனே வயரை இழுத்தாள். ரத்தப் பரிசோதனைக்குத் திரும்பச் சொருகி, "அங்க பாய்லர்க்காரர் நிப்பார். ஒண்ணு கொறையுதுன்னு சொல்லுங்க. பெஞ்சுக்கடியில பாக்கச் சொல்லுங்க" என்றாள்.

பெஞ்சுக்கடியில் இல்லை. எடைக் கருவிக்குப் பின்னால் இல்லை. சக்கர நாற்காலியில், ஒரு காலில் மாவுக்கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தவர்தான் மூச்சை அடக்கிக்கொண்டு கையைக் காட்டினார். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவருடைய கால் விரல்களை அணைத்துக்கொண்டு ஒன்பதாவது குஞ்சு உட்கார்ந்திருந்தது. "வெரலுக்கு வெதுவெதுன்னு இருக்கேன்னு குனிஞ்சு பாத்தேன். அசையவே பயமா இருந்துச்சுங்க" என்றாராம்.

அத்தையின் அறைக் கதவை யாரோ தட்டினார்கள். திரும்பிப் பார்த்தாள். நெட்டையாக, காதோரம் நரைத்த ஒருவர், நீலச் சட்டை முழுக்கக் கரியோடு, இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து நின்றுகொண்டிருந்தார்.

"நாப்பத்தேழு பேசறேன்" என்றார்.

"சொல்லுங்க" என்றாள் அத்தை.

"என் கையெல்லாம் எண்ணெய். பட்டா அது மயிர் கெட்டுப்போயிரும், தண்ணியில மெதக்காது. நீங்க வாங்கிக்கங்க."

அவள் கையை நீட்டினாள். கைக்குட்டை அளவு கனம்கூட இல்லை. ஆனால் அதன் இதயம் மட்டும் மோட்டார்போல அடித்துக்கொண்டது என்பாள். போர்டைப் பார்த்தாள். ஒரு விளக்கும் எரியவில்லை. ஆஸ்பத்திரி முழுக்க வாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். பதினாறு வருஷத்தில் மாற்று ஆள் இல்லாமல் அவள் எழுந்தது அதுதான் முதல் தடவை.

இருவரும் நடைபாதையில் ஓடினார்கள். வாசலுக்கு வெளியே காவலாளி நடுரோட்டில் கையை விரித்து நின்றிருந்தார். இரண்டு பக்கமும் பஸ்ஸும் காரும் நின்றிருந்தன. தாய் வாத்து ரோட்டுக்கு இந்தப் பக்கமே நின்று, கழுத்தை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தது. கைக்குள்ளிருந்த குஞ்சு பதில் குரல் கொடுத்ததும் சட்டென்று திரும்பியது. அத்தை பத்தடி தள்ளிக் குனிந்து குஞ்சைத் தரையில் விட்டாள். அது உருண்டு, எழுந்து, ஓடி, வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டது. ஒன்பதும் ரோட்டைத் தாண்டிப் புல்லுக்குள் இறங்கின. ஏரி அதற்கு அந்தப் பக்கம். தண்ணீரில் இறங்கியதைப் பார்க்க அத்தை நிற்கவில்லை. திரும்பி ஓடினாள்.

போர்டில் மூன்று விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. முதலாவது பிரசவ வார்டு: "எல்லாம் போய்ச் சேந்துச்சா?" இரண்டாவது சலவைப் பிரிவு, அதே கேள்வி. மூன்றாவது விளக்கு, நாலாவது வார்டிலிருந்து. ஒரு நோயாளிக்கு மூச்சுத் திணறல், டாக்டர் வேண்டும். எவ்வளவு நேரமாக அந்த விளக்கு எரிந்தது என்று தெரியாது. ஒரு நிமிஷம் இருக்கலாம். உடனே டாக்டரைப் பிடித்துக் கொடுத்தாள். அந்த மனிதர் பிழைத்து, வாரக் கடைசியில் நடந்தே வீட்டுக்குப் போனார். ஆனால் கதையைச் சொல்லும்போது அத்தை அந்த மூன்றாவது விளக்கை ஒருமுறைகூட விட்டதில்லை. கேட்கிறவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அதையும் சொல்லிவிடுவாள்.

அன்று வேலைப் புத்தகத்தில் அவளே எழுதினாள்: பத்து நாற்பத்தொன்று முதல் பத்து நாற்பத்தாறு வரை இருக்கையில் இல்லை. நிர்வாகியிடமிருந்து இரண்டு பக்கத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

"வாத்துக்குக் கதவைத் தெறந்ததுக்குத் திட்டினது தப்பு" என்பாள் அத்தை. "போர்டை விட்டு எந்திரிச்சதுக்குத் திட்டினது சரி. ரெண்டையும் ஒரே கடிதத்துல கொழப்பிட்டார்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நாற்பத்தேழின் விளக்கு எரிந்தது. அவராகக் கூப்பிடுவது அபூர்வம்.

"மூணாவது வார்டுல வெந்நீர் வருதா?"

"வருது."

"நாலாவதுல?"

"வருது."

"அஞ்சாவது வார்டுல?"

"நம்ம ஆஸ்பத்திரியில அஞ்சாவது வார்டே இல்லையே."

"தெரியும்" என்றார் நாற்பத்தேழு.

போர்டில் வேறு விளக்குகள் எரிய ஆரம்பித்தபோதுதான் அத்தை வயரைப் பிடுங்கினாள்.

மாமா மனைவியை இழந்தவர். பிள்ளைகள் இல்லை. கல்யாணப் பேச்சு வந்தபோது அத்தை முதல்முறையாக "லைன் பிஸி" என்று சொல்லவில்லை. என் அப்பா நம்பாமல், "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று கேட்டதற்கு, "வெந்நீர் போடறார்" என்றாளாம். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்று மத்தியானமே இருவரும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

அடுத்த வருஷம் தலைமை நர்ஸ் நிர்வாகியின் அறைக்கே போய் உட்கார்ந்துகொண்டாள். பத்து நிபந்தனைகளோடு புது உத்தரவு வந்தது. டெலிபோன் அறைக்கு அன்றைக்கு மாற்று ஆள் என்பது அதில் ஏழாவது நிபந்தனை. வாத்து அதைப் படித்ததாகத் தெரியவில்லை. இஷ்டப்பட்ட நேரத்துக்குத்தான் கிளம்பியது. அந்த வாத்தோ அதன் மகளோ, பதினோரு வருஷம் தொடர்ந்து வந்தது. பிறகு முற்றத்துக்குக் கூரை போட்டு ஸ்கேன் எடுக்கும் அறை கட்டிவிட்டார்கள். வாத்துகள் நகரத்தை விட்டுப் போகவில்லை. வங்கி மொட்டைமாடியில் ஒன்று, கார் நிறுத்துமிடத்துப் புல்மேட்டில் ஒன்று என்று அவை வேறு இடம் பார்த்துக்கொண்டன.

அந்த ஊர்வலத்தை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நான் விவரம் தெரிந்து பார்த்த முற்றத்தில் ஸ்கேன் அறைதான் இருந்தது. ஆனால் என் சிறுவயதின் ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால், அத்தை வீட்டு மேசையும், தட்டில் கை காய்ந்துபோக அவர்கள் பேசியதும்தான் நினைவுக்கு வருகின்றன. "அவருக்குத் தொப்பி இல்ல, குல்லா" என்று அத்தை திருத்துவாள். "எதா இருந்தா என்ன, கழட்டினாரு இல்ல" என்பார் மாமா. எத்தனை முறை கேட்டாலும் பதிவு கவுண்டர் "எட்டு" என்று சொல்லும்போது நான் தட்டிலிருந்து கையை எடுத்துவிடுவேன்.

மாமா போய் ஆறு வருஷமாகிறது. அத்தைக்கு இப்போது எழுபத்தைந்து. முதல் வருஷம் அவள் யாரிடமும் அதிகம் பேசவில்லை. இப்போது மாசம் ஒருமுறை நான் போய் அவளை ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

போன மாசம் போயிருந்தபோது ஒரு வாத்து ஆறு குஞ்சுகளோடு கரையோரம் வந்தது. நான் பையிலிருந்து ரொட்டியை எடுத்தேன். அத்தை கையைத் தட்டிவிட்டாள். "அதைப் போடாதே, வயிறு கெட்டுரும்."

"இது அந்த வாத்தோட வம்சமா இருக்குமா அத்தை?"

"இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். நாம யாரு அதை விசாரிக்க? அதுக்கு ஆயிரம் வேலை இருக்கும்." தூரத்தில் ஒரு மரத்தைக் காட்டினாள். "ஒங்க மாமாவுக்கு நீச்சல் தெரியாது. தண்ணிகிட்ட வரவே பயம். நான் இங்க உக்காந்திருந்தா, அவர் அந்த மரத்தடியில நின்னுக்கிட்டு, 'போதும், வாங்க'ன்னு கையாட்டுவார். பொண்டாட்டிய 'வாங்க'ன்னு கூப்பிட்ட ஆளு அவர் ஒருத்தர்தான்."

மரத்தடியில் யாரோ ஒரு தம்பதி துண்டு விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வெயில் ஏறிவிட்டது. குஞ்சுகள் நாணலுக்குள் போய் மறைந்தபின், அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, காலால் செருப்பைத் தேடினாள்.